ரைம் வரும் பழமொழிகளை வைத்து ஸ்பானிஷ் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷில் பழமொழிக்கு ரெஃப்ரான் என்று பெயர். ஏராளமான ரெஃப்ரான்கள் நடுவில் இரண்டு துண்டாக உடையும், இரண்டு துண்டும் ஒரே ஓசையில் முடியும். இவற்றை வைத்துப் படிக்கத் தொடங்கிய பலரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பொருளைத் தேடுகிறார்கள், அதற்குப் பொருத்தமான தமிழ்ப் பழமொழி கிடைத்ததும் சந்தோஷமாக நோட்டை மூடிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தமிழ்ப் பழமொழி நினைவில் இருக்கிறது, ஸ்பானிஷ் போய்விட்டது. அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். ஓசைதான் முதலில், பொருள் அப்புறம்.

படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கே ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுத வேண்டாம், ஏன் என்பதை நான்காம் படியில் பார்க்கலாம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

அடிப்படை ஸ்பானிஷ் ஒரு மாதமாவது படித்திருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும், ஆண்பால் பெண்பால் வேறுபாடு தெரிய வேண்டும், நிகழ்கால வினையில் 'அவர் செய்கிறார்' வடிவம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாமல் நேராகப் பழமொழிக்கு வந்தால் அது மந்திரம் மாதிரி மனப்பாடம் ஆகும், அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் போட முடியாது.

அழுத்த விதி கையோடு இருக்க வேண்டும். சொல் உயிரெழுத்திலோ, ன் அல்லது ஸ் ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால், விதி என்ன சொன்னாலும், அழுத்தம் அந்த இடத்தில்தான். ரைம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த அழுத்தம்தான் தீர்மானிக்கிறது, அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

பொருள் என்று பார்த்தால் கோடு போட்ட நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா, போனில் குரல் பதிவு வசதி, அவ்வளவுதான். இணையத்தில் சென்ட்ரோ விர்ச்சுவல் செர்வான்டெஸ் தளத்தில் ரெஃப்ரானேரோ முல்த்திலிங்குவே என்ற பழமொழிக் களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பழமொழி இன்றும் அதிகம் புழங்குகிறதா, வழக்கொழிந்துவிட்டதா என்ற குறிப்பு அதில் இருக்கும். ஒன்றை நோட்டில் ஏற்றும் முன் அந்தக் குறிப்பைப் பாருங்கள். யாரும் சொல்லாத பழமொழிக்காக ஒரு வாரம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

2. எதை முதலில் எடுப்பது

பத்துச் சொல்லுக்குள் இருக்க வேண்டும், ரைம் முழுசாக விழ வேண்டும், சொற்கள் இன்றைய பேச்சில் இருப்பவையாக இருக்க வேண்டும். என் வரிசை இதுதான்: முதலில் 'கியென் தியேனே போக்கா, சே எக்கிபோக்கா' (வாய் இருப்பவர் தவறிச் சொல்லத்தான் செய்வார்). அடுத்து 'பெர்ரோ லாத்ராதோர், போக்கோ மோர்தேதோர்' (குரைக்கும் நாய் அதிகம் கடிக்காது). அப்புறம் 'காதா ஒபேஹா கொன் சு பாரேஹா' (ஒவ்வோர் ஆடும் தன் இணையோடு). நான்காவதாக 'ஒய் போர் தி, மாஞானா போர் மி' (இன்று உனக்காக, நாளை எனக்காக).

'கியென் தியேனே போக்கா' முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிஷ் பேசத் தொடங்கும் எவரும் தப்பாகப் பேசுவார், அந்த நிமிஷத்தில் இதையே சொல்லிச் சமாளிக்கலாம். முதல் நாளிலேயே பயன்படும் பழமொழி மறக்காது.

'என் போக்கா செர்ராதா நோ என்த்ரான் மோஸ்காஸ்' (மூடிய வாயில் ஈ புகாது) மாதிரி ரைம் இல்லாத பழமொழிகளும் நிறையப் புழங்குகின்றன. அவற்றைத் தனிப் பக்கத்தில் வைத்து, இரண்டாவது மாதத்தில் எடுங்கள். ரைம் உள்ளதில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலோ அழுத்தத்தைத் தவறாகப் போட்டாலோ ஓசை உடைந்து உங்களுக்கே கேட்கும். ரைம் இல்லாததில் தப்பு நடந்தது யாராவது சொன்னால்தான் தெரியும்.

நூறு பழமொழிப் பட்டியல் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். பட்டியலில் ரைம் உள்ளது, இல்லாதது, செத்துப்போனது எல்லாம் கலந்து கிடக்கும்.

3. காதை வரியின் கடைசிக்குத் திருப்புங்கள்

நம் காது எதுகைக்குப் பழகிய காது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றதும் ஆடி, தேடி இரண்டும் சொல்லின் முன்பகுதியிலேயே இணைந்துவிடுகின்றன. ஸ்பானிஷ் ரெஃப்ரானில் இணைப்பு துண்டின் கடைசியில் இருக்கிறது, நம் யாப்பில் இயைபு என்போமே, அந்த இடம். புதிதாக வருபவர்கள் முதல் சொல்லை உரக்கச் சொல்லி, கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்பானிஷில் ரைம் இரண்டு வகை. கடைசி அழுத்த உயிரிலிருந்து எல்லா ஒலியும் ஒத்துப்போனால் கொன்சொனான்தே: ஒபேஹா, பாரேஹா. உயிர் ஒலிகள் மட்டும் ஒத்து மெய் வேறாக இருந்தால் அசொனான்தே. 'ஆ கியென் மாத்ரூகா, தியோஸ் லே ஆயூதா' (விடியற்காலையில் எழுபவருக்குக் கடவுள் உதவுவார்) என்பதில் மாத்ரூகாவின் ஊ-ஆவும் ஆயூதாவின் ஊ-ஆவும் சேர்கின்றன, இடையில் இருக்கும் மெய் பொருட்டே இல்லை. இரண்டாவது வகை தமிழ்க் காதுக்கு முதலில் ரைமாகவே கேட்காது. அதனால் ஒவ்வொரு பழமொழியிலும் கடைசி அழுத்த உயிரையும் அதற்குப் பின் வரும் உயிரையும் வட்டம் போட்டு எழுதுங்கள். பத்து பழமொழிக்குப் பிறகு வட்டம் போடாமலே கேட்கத் தொடங்கும்.

4. பொருள் பார்க்கும் முன் வாயில் ஏற்றுங்கள்

பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, மேஜையில் தட்டித் தட்டி இருபது தடவை சொல்லுங்கள். முதல் துண்டு, ஒரு நிறுத்தம், இரண்டாம் துண்டு. பதிவு செய்து கேளுங்கள். அலுப்பாக இருந்தாலும் இந்தப் படியில்தான் அதிக நேரம் போக வேண்டும், ஏனென்றால் தமிழ் வாய் செய்யும் தப்புகள் அத்தனையும் இங்கேதான் வெளிவரும்.

ஒரே ஒரு பழமொழியை எடுத்துக் காட்டுகிறேன்: 'மாஸ் பாலே பாஹரோ என் மானோ, கே சியென்தோ போலாந்தோ'. கையில் ஒரு பறவை, பறக்கும் நூறு பறவையைவிட மேல்.

பாஹரோ, என் என்ற இரண்டு சொல்லும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். நாம் தன்னையறியாமல் 'பாஹரோவென்' என்று வகர உடம்படுமெய் போட்டுவிடுவோம், இரண்டு உயிர் சந்தித்தால் நம் வாய் அப்படித்தான் செய்யும். ஸ்பானிஷில் எதுவும் இடையில் நுழையாது, இரண்டு உயிரும் ஒரே அசையாக ஒட்டிக்கொள்ளும். தட்டி எண்ணினால் முதல் துண்டு எட்டு அசை. ஒன்பது வந்தால் ஓ-வையும் எ-யையும் பிரித்துவிட்டீர்கள்.

அடுத்தது சியென்தோ, போலாந்தோ. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே குழைந்துவிடும், பந்து என்பதில் கேட்கிறதே அந்த து. போலாந்தோவுக்கு அந்த ஒலிதான் வேண்டும். சியென்தோவுக்கு அது ஆகாது, 'தாய்' என்பதில் இருக்கும் கெட்டியான த வேண்டும். குழைத்துச் சொன்னால் லத்தீன் அமெரிக்கக் காதுக்கு 'நூறு' என்பது 'இருந்துகொண்டு' என்று மாறிக் கேட்கும். 'எவ்வளவு' என்ற சொல்லுக்கும் 'எப்போது' என்ற சொல்லுக்கும் இடையிலும் இந்த ஒரு ஒலிதான் வித்தியாசம். தமிழ் எழுத்தில் இரண்டையும் சாதாரணமாகக் 'குவாந்தோ' என்றுதான் எழுதுவோம், நோட்டில் தமிழ் எழுத்து வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். போக்கா என்று நான் எழுதியிருப்பதையும் பாருங்கள், க-வை ஒற்றையாக எழுதினால் ஒலி குழைகிறது, இரட்டித்தால் அழுத்தம் கூடுகிறது. ஸ்பானிஷில் இருப்பது கெட்டியான ஒற்றைக் க. ஸ்பானிய எழுத்திலேயே எழுதிப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். ஆங்கிலப் பழக்கத்தில் தியேனேவை 'டியேனே' என்று சொல்லாதீர்கள், நாக்கு பல்லைத் தொட வேண்டும். 'என் அப்ரீல், ஆகுவாஸ் மீல்' (ஏப்ரலில் ஆயிரம் மழை) என்பதை 'அப்ரீலு, மீலு' என்று உகரம் சேர்த்து முடிக்காதீர்கள், துண்டு சட்டென்று ல்-இல் நிற்க வேண்டும். எக்கிபோக்காவில் ஸ்பானிய எழுத்து வி, போக்காவில் பி, ஆனால் இரண்டும் ஒரே ஒலி. அந்தப் பழமொழியை ரைம் கேட்கும்படி நாலு தடவை சொன்னவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

5. சொல்லுக்குச் சொல் பொருள், அப்புறம்தான் தமிழ்ப் பழமொழி

'குவாந்தோ எல் ரீயோ சுவேனா, ஆகுவா யேபா'. இதைப் பார்த்ததும் 'நெருப்பில்லாமல் புகையாது' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. உங்கள் மூளை நெருப்பையும் புகையையும் வைத்துக்கொள்ளும், ஸ்பானிஷில் இருக்கும் ஆறும் தண்ணீரும் காணாமல் போகும். முதலில் சொல்லுக்குச் சொல்: எப்போது, ஆறு, ஒலிக்கிறது, தண்ணீர், கொண்டுபோகிறது. அப்புறம் கண்ணை மூடி அந்த ஆற்றைப் பாருங்கள், சத்தம் வருகிறது, ஆகவே தண்ணீர் ஓடுகிறது. மூன்று நாள் கழித்து, பக்கத்தின் அடியில் சின்னதாகத் தமிழ்ப் பழமொழியை எழுதலாம்.

குரைக்கும் நாய் மாதிரி சில அப்படியே ஒத்துப்போகும். அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும், பொருள் தெரிந்துவிட்டது என்று சொற்களைப் பார்க்காமலே கடந்துவிடுவோம்.

6. ஒரு பழமொழி, ஒரே ஒரு இலக்கண முடிச்சு

ஒவ்வொரு பழமொழியிலிருந்தும் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் அலசினால் பழமொழி செத்துப்போகும், அடுத்த தடவை சொல்லும்போது ஓசைக்குப் பதிலாக அட்டவணை ஞாபகம் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆகுவா கே நோ ஆஸ் தே பெபேர், தேஹாலா கொர்ரேர்'. நீ குடிக்கப் போகாத தண்ணீரா, ஓட விட்டுவிடு. தண்ணீர் என்ற ஆகுவா பெண்பால் சொல், ஆனால் அழுத்தமான ஆ-வில் தொடங்குவதால் ஒருமையில் முன்னால் 'எல்' என்ற ஆண்பால் ஆர்ட்டிகிள் (ஆங்கில 'the' மாதிரியான சொல்) வரும், புதிதாகப் படிப்பவர்கள் உடனே அதை ஆண்பால் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தேஹாலாவின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'லா' அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆண்பாலாக இருந்தால் 'லோ' வந்திருக்க வேண்டும்.

'கியென் ஆ புவென் ஆர்போல் சே அர்ரீமா, புவேனா சோம்ப்ரா லே கொபீஹா' (நல்ல மரத்தை ஒட்டி நிற்பவருக்கு நல்ல நிழல்) என்பதில் 'நல்ல' இரண்டு தடவை வருகிறது. மரம் ஆண்பால், அதன் முன்னால் சொல் குறுகி புவென். நிழல் பெண்பால், முழுசாகப் புவேனா. இலக்கணப் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வது ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

'ஆ தியோஸ் ரோகாந்தோ, இ கொன் எல் மாசோ தாந்தோ'. கடவுளை வேண்டிக்கொண்டே, கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டே. இங்கே முடிச்சு -ஆந்தோ என்ற விகுதி, நம் '-கொண்டே'. லாத்ராதோரில் முடிச்சு -தோர் விகுதி: லாத்ரார் என்றால் குரைக்க, லாத்ராதோர் என்றால் குரைப்பது. மோர்தேர் என்றால் கடிக்க, மோர்தேதோர் என்றால் கடிப்பது. வினையின் முடிவில் ஆர் இருந்தால் ஆதோர், ஏர் இருந்தால் ஏதோர். இதே அச்சில் விற்பனையாளர், உழைப்பாளி எல்லாம் வரும்.

விடியலில் எழுபவர் பழமொழியில் முடிச்சு 'ஆ', 'லே' என்ற ஜோடி. யாருக்கு என்று முன்னால் சொல்லிவிட்ட பிறகும் 'அவருக்கு' என்று இன்னொரு தடவை வருகிறது. நமக்கு இது அந்நியமே இல்லை, 'யார் எழுகிறாரோ அவருக்கு' என்று நாமும் இரண்டு தடவைதான் சொல்கிறோம்.

7. ரைமுக்காக வளைந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பேச்சில் விசித்திரமான ஸ்பானிஷ் பேசுகிறார்கள். ரைம் சேர வேண்டும் என்பதற்காகப் பழமொழி சில இடங்களில் சாதாரண இலக்கணத்தை வளைத்திருக்கும், சில இடங்களில் செத்துப்போன வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

'தோந்தே ஃபுவேரேஸ், ஆஸ் லோ கே பியேரேஸ்' (எங்கே போகிறாயோ அங்கே காண்பதைச் செய்). இதில் இருக்கும் ஃபுவேரேஸ், பியேரேஸ் இரண்டும் எதிர்கால சப்ஜங்க்டிவ் (இனி நடக்கக்கூடியதைச் சொல்லும் பழைய வினை வடிவம்), இன்று சட்ட வாசகங்களிலும் இப்படிப்பட்ட வழக்குகளிலும் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. இன்றைய வடிவத்தில் மாற்றினால் 'தோந்தே பாயாஸ், ஆஸ் லோ கே பேஆஸ்' என்று வரும், சொல்லிப் பாருங்கள், ஓசை போய்விட்டது. அதனால்தான் பழைய வடிவம் அப்படியே தங்கிவிட்டது. படியுங்கள், ஆனால் அந்த வினை வடிவத்தில் சொந்த வாக்கியம் எழுதாதீர்கள்.

'ஆகுவாஸ் மீல்' என்பதில் ஆயிரம் என்ற எண் பெயருக்குப் பின்னால் வருகிறது. சாதாரணப் பேச்சில் எண் முன்னால்தான் வரும். மரமும் நிழலும் பழமொழியில் வினை கடைசியில் நிற்பது தமிழ் மாதிரியே இருப்பதால் நமக்கு இனிக்கும், அதே வரிசையில் பேசத் தோன்றும். வேண்டாம்.

'ஆஸ்தா எல் குவாரென்தா தே மாயோ, நோ தே கீத்தேஸ் எல் சாயோ'. மே 40 வரை மேலங்கியைக் கழற்றாதே. மே 40 என்பது ஜூன் 9, மே மாதத்தின் 31 நாளோடு இன்னும் 9. சாயோ என்பது பழங்காலத்து மேலங்கி, கடையில் போய் அந்தப் பெயரில் கேட்க முடியாது. இன்னொன்று, மாதம் சொல்லும் பழமொழிகள் ஸ்பெயினின் பருவத்துக்கு ஏற்றவை. ஏப்ரலில் மழை, மே கடைசி வரை குளிர் என்பதெல்லாம் அங்கே சரி. அர்ஜென்டினாவில் ஏப்ரல், மே இலையுதிர்காலம், அந்த ஊர்க்காரரிடம் மே 40 சொல்லிப் பயன் இல்லை.

8. அச்சில் உங்கள் சொல்லை ஊற்றுங்கள்

பழமொழியின் எலும்புக்கூட்டை எடுத்து வேறு சொல் போடுங்கள். 'மாஸ் பாலே … கே …' (இதைவிட அது மேல்) என்பதில் 'மாஸ் பாலே யாமார் கே எஸ்க்ரிபீர்', எழுதுவதைவிட போன் செய்வது மேல். 'கியென் …' அச்சில் 'கியென் எஸ்தூதியா, அப்ரெந்தே', படிப்பவர் கற்றுக்கொள்வார். தண்ணீர்ப் பழமொழியில் புத்தகத்தைப் போட்டால் 'லீப்ரோ கே நோ ஆஸ் தே லேஎர், தேஹாலோ என் லா மேசா', படிக்கப் போகாத புத்தகமா, மேஜையில் விட்டுவிடு. புத்தகம் ஆண்பால் ஆனதும் லா, லோ ஆகிவிட்டது பாருங்கள்.

ஒரு பழமொழிக்கு மூன்று வாக்கியம் போதும். உங்கள் வாக்கியத்தில் ரைம் வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், அதைத் தேடப் போய் இல்லாத சொல்லை உண்டாக்கிவிடுகிறார்கள்.

9. பேச்சில் பாதியோடு நிறுத்துங்கள்

ஸ்பானிஷ்காரர்கள் பல நேரம் முதல் துண்டை மட்டும் சொல்லி இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'குவாந்தோ எல் ரீயோ சுவேனா…' என்றால் போதும், மிச்சம் எதிரில் இருப்பவர் மனசில் ஓடும். கேட்கும்போது அந்த அரை வாக்கியம் புரிய வேண்டும் என்றால் முதல் துண்டைத் தனியாகக் கேட்டதுமே இரண்டாம் துண்டு உங்களுக்குள் வர வேண்டும்.

எதிர்ப் பழமொழிகளையும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் எழுபவரைப் பற்றி ஒருவர் சொன்னால் 'நோ போர் மூச்சோ மாத்ருகார் அமானேசே மாஸ் தெம்ப்ரானோ' (எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் பொழுது முன்னதாக விடியாது) என்று திருப்பிச் சொல்லலாம்.

'அவுங்கே லா மோனா சே பீஸ்தா தே சேதா, மோனா சே கேதா' (குரங்குக்குப் பட்டு உடுத்தினாலும் குரங்குதான்) ரைமும் இலக்கணமும் அருமையானவை, ஆனால் ஒருவர் தோற்றத்தைக் குத்துவது. படித்து வைத்துக்கொள்ளுங்கள், யார் முகத்துக்கு நேராகவும் சொல்லாதீர்கள். பொதுவாகவே ஒரு உரையாடலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அடுக்கினால் எதிரில் இருப்பவர் பேச்சை விட்டுவிட்டு உங்கள் பழமொழியை ரசிக்க ஆரம்பித்துவிடுவார்.

10. வாரத்துக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்

திங்கள், வியாழன் என்று இரண்டு நாள் புதியதை எடுங்கள், மிச்ச நாளில் பழையதைச் சொல்லுங்கள். அட்டையின் முன்பக்கம் ஸ்பானிய எழுத்தில் முதல் துண்டு, பின்பக்கம் இரண்டாம் துண்டு. தமிழ்ப் பொருளை முன்பக்கம் எழுதினால் மறுபடி மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

மாதக் கடைசியில் எட்டையும் பார்க்காமல் ஸ்பானிய எழுத்தில் எழுதிப் பாருங்கள், மேல் சாய்கோடு உட்பட. பிறகு உரக்கச் சொல்லிப் பதிவு செய்து, முதல் வாரப் பதிவை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எந்தப் பழமொழியில் கடைசி உயிர்கள் இன்னும் சேரவில்லையோ அதன் அட்டையை மட்டும் தனியே எடுத்து, நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.